விடுகிற பக்கமும் பிடிக்கிற பக்கமும்: பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சாகச நாவல் எடுத்துக் கொடுப்பது எப்படி?

பதின்வயதுப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் தேடும்போது எல்லோரும் முதலில் வயதைச் சொல்வார்கள். அடுத்து வகுப்பு. அப்புறம் "நல்லா படிப்பான்" அல்லது "படிக்கவே மாட்டேங்கிறான்". இதில் எதுவும் எனக்குப் பெரிதாக உதவுவதில்லை. நான் பிள்ளையிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில விட்ட? எந்த இடத்துல?"

கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நடந்து போகிற தூரத்தில், வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்துகிறேன். புத்தகம் விற்கிறவருக்குப் பணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடும். எனக்கு அப்படியில்லை. கொண்டுபோன புத்தகம் படிக்கப்படாமல் திரும்பி வந்தால் அடுத்த மாதச் சந்தா வராது. அதனால் எந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் நின்றுபோகிறது என்பது என் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். திரும்பி வருகிற புத்தகத்தை அலமாரியில் வைக்குமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். மடித்த பக்க முனை, உள்ளே மாட்டிக்கொண்ட பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், ஏதோ ஒன்று அங்கே நின்றுபோனதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடிபட்ட கணக்கு இது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுமை தீர்கிற ஒரு பக்கம் உண்டு. அது அந்தப் பிள்ளை விடுகிற பக்கம். ஒவ்வொரு நாவலுக்கும் வாசகரைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஒரு பக்கம் உண்டு. விடுகிற பக்கத்துக்கு முன்பே பிடிக்கிற பக்கம் வந்துவிட்டால் புத்தகம் தானாக ஓடும். பின்னால் வந்தால், அதுவரை நாம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் வேறு புத்தகம் தேட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

முதலில் பிள்ளையின் பக்கம். "ஏன் விட்ட?" என்றால் பத்தில் எட்டுப் பேர் "போர் ஆன்ட்டி" என்பார்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. கொஞ்சம் பேசினால் அந்தப் போருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். "பேரெல்லாம் குழம்புது" என்றால் ஆட்கள் குறைவாக உள்ள கதை வேண்டும். "ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது" என்றால் முதல் பத்துப் பக்கத்துக்குள் யாராவது துரத்த வேண்டும், தொலைய வேண்டும், செத்தாலும் சரி. "தமிழ் படிக்க ரொம்ப நேரம் ஆகுது" என்பது முற்றிலும் வேறு சமாச்சாரம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். "நாய் செத்துப்போச்சு, அதான் மூடிட்டேன்" என்று சொன்ன பெண் பிள்ளை ஒருத்தி உண்டு. அவளை யாராவது வாசகி இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவ்வளவு ஒன்றிப் படித்திருக்கிறாள்.

கூட வருகிற பெரியவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைப்பது நல்லது. அம்மா பக்கத்தில் நின்றால் பிள்ளைக்குப் பதில் அம்மாதான் பேசுவார். நான் வார இதழ்கள் கிடக்கிற மேஜைப் பக்கம் நாற்காலியைப் போட்டு, மின்விசிறியையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

பிள்ளை புத்தகமே படித்ததில்லை என்றால் என்ன பார்க்கிறது, என்ன விளையாடுகிறது என்று கேளுங்கள். அனிமே பார்க்கிறவர்கள் நீளத்துக்குப் பயப்பட மாட்டார்கள். 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் கதை 1997-ல் படக்கதையாகத் தொடங்கி இன்னும் முடியவில்லை. அதை வரிசை தவறாமல் பார்க்கிற பையனிடம் "அஞ்சு பாகம் இருக்கு, உனக்கு ஒத்து வருமா?" என்று கேட்பதே தப்பு. அவனுக்குக் கப்பல் வேண்டும், கூட்டாளிகள் வேண்டும், நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாத ஒரு ஆள் வேண்டும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1883-ல் புத்தகமாக வெளியிட்ட 'புதையல் தீவு' அவனுக்காகவே எழுதியது போல இருக்கும். அதன் பிடிக்கிற இடம், சிறுவன் ஜிம் கப்பல் தளத்தில் உள்ள ஆப்பிள் பீப்பாய்க்குள் இறங்குகிற அத்தியாயம். உள்ளே இருக்கும்போது, அதுவரை அவன் நண்பனாக நினைத்த ஒற்றைக்கால் சமையல்காரன் ஜான் சில்வர் பீப்பாயில் சாய்ந்துகொண்டு கலகத்துக்குத் திட்டம் போடுவது காதில் விழும். அதுவரை நான் வாயால் கதை சொல்வேன். பீப்பாய்க்குள் ஜிம்மை இறக்கிவிட்டு, புத்தகத்தை நீட்டுவேன்.

இப்போது நாவலின் பக்கம். நம் வீடுகளில் சாகச நாவல் என்றதும் கல்கிதான். 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் கல்கி இதழில் வந்த கதை. ஐந்து பாகம். அப்பா படித்தார், தாத்தா படித்தார், அதனால் ஏழாம் வகுப்பு லீவில் பிள்ளையும் படித்தாக வேண்டும் என்று கொண்டுவந்து வைப்பார்கள். என் நூலகத்தில் முதல் பாகம் பைண்டிங் பிரிந்து நூல் தொங்கும். நான்காம் பாகமும் ஐந்தாம் பாகமும் புதுக் கருக்கு அழியாமல் நிற்கும். எங்கே வண்டி நிற்கிறது என்று இதிலேயே தெரியவில்லையா?

கதை மோசம் என்று சொல்ல வரவில்லை. தமிழில் இதற்கு இணையான சாகசக் கதை இன்னும் இல்லை என்பதே என் கட்சி. பிரச்சினை தொடக்கத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயம் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக் கரை. வந்தியத்தேவன் குதிரையில் சாவகாசமாகப் போகிறான், ஏரியைப் பார்க்கிறான், கல்கி நமக்குச் சரித்திரம் சொல்கிறார். அடுத்த அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் நம்பி சைவர்களோடு வாதம் செய்கிறார். தெரிந்தவர்களுக்கு அது வெடிச்சிரிப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சைவ, வைணவச் சண்டையில் என்ன வேடிக்கை இருக்கிறது? உண்மையாகப் பிடிக்கிற இடம் ஆறாவது அத்தியாயம், 'நடுநிசிக் கூட்டம்'. கடம்பூர் மாளிகையில் இரவு தங்கும் வந்தியத்தேவன் தூக்கம் கலைந்து எழுந்து போகிறான். கீழே பெரிய பழுவேட்டரையரும் சிற்றரசர்களும் கூடி, அடுத்த பட்டம் யாருக்கு என்று ரகசியமாகப் பேசுகிறார்கள். மூடுபல்லக்கு ஒன்று நிற்கிறது. அதற்குள் இருப்பது யார் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. திரை விலகுகிறது.

அங்கே நிறுத்திவிட வேண்டும். யார் வெளியே வந்தார் என்று சொல்லிவிட்டால் வேலை கெட்டது.

கவனித்தீர்களா, ஆப்பிள் பீப்பாயும் கடம்பூர் மாளிகையும் ஒரே சங்கதிதான். ஒளிந்திருந்து சதியைக் கேட்பவனுக்கு ஓடவும் முடியாது, இருக்கவும் முடியாது. படிக்கிற பிள்ளைக்கும் அதே நிலைமை. சாகச நாவல்களில் பிடிக்கிற பக்கத்தைத் தேடும்போது நான் முதலில் துழாவுவது இந்த மாதிரி இடங்களைத்தான்: ஒருவருக்குத் தெரியக் கூடாதது தெரிந்துவிடுகிற இடம். மாயக் கதையாக இருந்தால், அந்த உலகத்தின் கதவு திறக்கிற இடம்.

அதனால் பொன்னியின் செல்வனுக்கு நான் செய்வது இது. முதல் ஐந்து அத்தியாயத்தையும் வாயால் சொல்லிவிடுவேன், பத்து நிமிஷம் ஆகும். ஆறாவது அத்தியாயத்தில் அடையாளத் தாள் வைத்துக் கொடுப்பேன். அந்தத் தாளிலேயே பத்து பேர் பெயரும் யாருக்கு யார் என்ன உறவு என்பதும் எழுதியிருக்கும். ஆதித்த கரிகாலன், அருள்மொழிவர்மன், குந்தவை மூன்று பேரும் உடன்பிறந்தவர்கள் என்பது மட்டும் தெளிவாகிவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு இந்த வேலை எளிதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு முகங்கள் தெரியும். "படத்துல வந்தது வேற, புத்தகத்துல வேற" என்று மட்டும் சொல்லிவிடுவேன். எங்கே வேறு என்று கண்டுபிடிக்கவே சிலர் படித்து முடிக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி. பத்தாவது அத்தியாயம் 'குடந்தை சோதிடர்'. வந்தியத்தேவன் எங்கள் ஊருக்கு வந்து, சோதிடர் வீட்டுக்குள் தடாலடியாக நுழைந்து, அங்கே முதன்முதலாகக் குந்தவையைப் பார்க்கிறான். குந்தவை இருந்த பழையாறை இங்கிருந்து சில கிலோமீட்டர். சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் உண்டு. நீங்கள் இருக்கிற ஊர் எந்த நாவலில் வருகிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கரைக்காரருக்கு இரண்டாம் சிபாரிசே வேண்டாம், அதே கதையில் வருகிற பூங்குழலியின் படகு போதும்.

ஐந்து பாகம் மலைப்பாக இருக்கிறது என்றால் 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். ஒரே புத்தகம், மனிதர்களும் குறைவு. உறையூர், காவிரி, படகோட்டி பொன்னன், நாடு கடத்தப்பட்ட இளவரசன் விக்கிரமன். அடிக்கடி குறுக்கே வருகிற சிவனடியார் யார் என்ற கேள்வியே கதையைத் தள்ளிக்கொண்டு போகும். சில பிள்ளைகள் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டு என்னிடம் வந்து பெருமையடிப்பார்கள். நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டேன். 'சிவகாமியின் சபதம்' பிறகு எழுதப்பட்டது, ஆனால் கதைப்படி முந்தையது. எதை முதலில் படிப்பது என்று கேட்டால், எழுதிய வரிசையில் படிக்கச் சொல்வேன். சிவனடியார் முடிச்சு அப்போதுதான் கெடாமல் இருக்கும். சபதத்தின் பிடிக்கிற இடம் மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது. காஞ்சிக்கு வந்த அன்றே பரஞ்சோதி மதம் பிடித்த யானை மேல் வேலை எறிகிறான். ஆனால் பின்பாதியின் சோகம் கனம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருந்தால் நல்லது.

சாண்டில்யனைப் பற்றிச் சொல்லாமல் போனால் பழைய வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். 'கடல் புறா' மூன்று பாகம். பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கி ஸ்ரீவிஜயம் வரை போகிற கதை. கடற்போர், கப்பல் அமைப்பு, துறைமுகச் சூழ்ச்சி எல்லாவற்றிலும் மனுஷர் மன்னர். ஆனால் நாயகி வந்து நின்றால் வர்ணனை பக்கம் பக்கமாக ஓடும். அதை ஒரு பதினாறு வயதுக்காரன் கையில் கொடுக்கிறபோது, "கடல் சண்டை வர்ற வரைக்கும் தள்ளிட்டுப் படி" என்று சொல்லிவிடுவேன். பக்கத்தைத் தாண்டிப் படிக்கலாம் என்று ஒரு பெரியவர் வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நிம்மதி என்று பார்க்க வேண்டும். ஒரு வரி விடாமல் படித்தால்தான் படித்ததாக அர்த்தம் என்று யாரோ அவர்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

சரித்திரம் போதும், மாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு.

தமிழில் நான் முதலில் எடுப்பது ஜெயமோகனின் 'பனிமனிதன்'. சிறுவர்மணியில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னது, ஒவ்வொன்றின் முடிவிலும் ஏதாவது ஒரு திருப்பம். பனியில் ஒரு பிரம்மாண்டமான காலடித் தடம். அதைத் தேடிப் போகிற கதை. முதல் அத்தியாயத்திலேயே பிடித்துவிடும், அதனால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பரிணாமமும் பௌத்தமும் நடுவே வரும், ஆனால் பாடம் போல இருக்காது. இதை முடித்துவிட்டு "இதே மாதிரி" என்று வருகிறவர்களுக்கு அவருடைய 'வெள்ளி நிலம்'. அதுவும் இமயமலைப் பக்கம்தான்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இன்னொரு சர்வ நிச்சயமான தேர்வு. எதிர்காலம் என்று அவர் எழுதிய ஆண்டுகளை நாம் கடந்தே வந்துவிட்டோம், அதுவே பிள்ளைகளுக்கு வேடிக்கை. குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும், பெயர் இரண்டே எழுத்தில்தான் இருக்க வேண்டும், நாட்டை ஆள்பவர் ஜீவா. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ஒருவன் ஜீனோ என்ற இயந்திர நாயோடு வந்து சேர்கிறான். ஜீனோ வாயைத் திறந்து பேசுகிற முதல் இடம்தான் பிடிக்கிற பக்கம். அதற்கப்புறம் இரண்டாம் பாகமான 'மீண்டும் ஜீனோ' எங்கே என்று அவர்களே கேட்பார்கள். நாய் செத்ததால் புத்தகத்தை மூடிய பெண்ணுக்கு இதைத்தான் கொடுத்தேன், இயந்திர நாய் என்பதால் தைரியமாக எடுத்துப் போனாள்.

பதினொன்று, பன்னிரண்டு வயது என்றால் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. லீவுக்குக் கீழடிப் பக்கம் வந்த பையன் அந்தப் பழங்காலத்துச் சிறுவனைச் சந்திக்கிற கதை. மெல்லிய புத்தகம், 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. விருது வாங்கியது என்பதைப் பெற்றோரிடம் சொல்லலாம், பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். விருது என்றதும் நீதிபோதனை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இனி, தமிழ் படிக்க நேரம் ஆகிறவர்கள். ஆங்கில வழிப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் சரளமாகப் பேசி, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள் இப்போது ஏராளம். இவர்களுடைய விடுகிற பக்கம் மூன்று அல்லது நான்கு. கதை பிடிக்காமல் இல்லை, கண் களைத்துவிடுகிறது. இவர்களிடம் கல்கியைத் தூக்கிக் கொடுப்பது அநியாயம். முதலில் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வருகிற முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984-ல். டெக்ஸ் வில்லரின் குதிரையும் துப்பாக்கியும் இன்றைக்கும் ஓடுகின்றன. "காமிக்ஸ் எல்லாம் படிப்பா?" என்று முகம் சுளிக்கிற அப்பாக்கள் பலர் தங்கள் வயதில் மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள்தான். அவர்களிடமே கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

காமிக்ஸுக்கு அடுத்து வாண்டுமாமா. 'பூந்தளிர்' சிறுவர் இதழின் ஆசிரியராக இருந்தவர், 2014-ல் மறைந்தார். சின்ன வாக்கியம், நேர்க்கதை, மந்திரவாதி, கோட்டை, ரகசியக் கதவு. இன்றைய பிள்ளைக்குப் பழசாகத் தெரியுமோ என்று யோசிக்க வேண்டாம், ரகசியக் கதவு பழசாவதில்லை. அதன் பிறகு வசனம் அதிகமுள்ள எதுவும் சரி. பேச்சு மொழியைக் காது ஏற்கெனவே அறியும், கண் வேகமாக ஓடும். இன்னொரு வழி, ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டு, அச்சுப் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு தொடர்வது. இரண்டு மூன்று அத்தியாயத்தில் காதைவிடக் கண் முந்திவிடும். அப்போது ஒலியை அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவர்களைத் தமிழ்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. படிக்கிற பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் எனக்குச் சந்தா வரும்.

அங்கே எல்லோரும் கேட்பது ஹாரி பாட்டர். அதற்கு என் சிபாரிசு தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். பிரிட்டிஷ் பதிப்பில் மூன்றாம் புத்தகம் 317 பக்கம், நான்காவது 636 பக்கம். முதல் மூன்றையும் மூச்சுவிடாமல் முடித்த பிள்ளை நான்காவதைக் கையில் வாங்கியதும் திகைத்து நிற்கும். கதையும் அங்கிருந்து இருட்டாகிறது. அந்த இடத்தில் பிள்ளைகள் விட்டுவிட்டால், வாசிப்பே போய்விட்டதாகப் பெற்றோர் புலம்புவார்கள். அப்படியெல்லாம் இல்லை. நடுவே வேறொன்றைச் செருக வேண்டும், அவ்வளவுதான். நான் செருகுவது ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன். 2005-ல் வந்த முதல் புத்தகத்தில், அருங்காட்சியகத்துக்குப் போன பள்ளிச் சுற்றுலாவில் கணக்கு டீச்சர் இறக்கை முளைத்த அரக்கியாகிப் பையன் மேல் பாய்கிறார். முதல் அத்தியாயத்திலேயே! கணக்கு டீச்சர் என்றதும் என் நூலகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெர்சிக்கு எழுத்துகள் குழம்பும், ஓரிடத்தில் உட்கார முடியாது. ரியோர்டன் அதே சிரமங்கள் இருந்த தன் மகனுக்காகச் சொல்லத் தொடங்கிய கதை அது. வகுப்பில் 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு இதை எடுத்துக் கொடுங்கள், காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

கிரேக்கக் கடவுள்கள் தெரியாதே என்றால் ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' வரிசை இருக்கிறது. 2018-ல் தொடங்கியது. அட்லாண்டாவில் ஒரு அருங்காட்சியகத்தில், தொடக் கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள் பன்னிரண்டு வயது ஆரு. பாண்டவர்கள் இந்தக் காலத்தில் சிறுமிகளாகப் பிறந்திருந்தால் என்பதுதான் கதை. பாட்டியிடம் மகாபாரதம் கேட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த முகம் வரும். "இது தப்பு, வியாசர் அப்படிச் சொல்லல" என்று திருத்துகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் கடைசிவரை படிப்பார்கள்.

டோல்கீனை நேராக மூன்று பாக 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் தொடங்க வேண்டாம், 1937-ல் வந்த 'தி ஹாபிட்'டில் தொடங்குங்கள். பிடிக்கிற இடம், இருட்டுக் குகையில் கோல்லம் என்ற விசித்திரப் பிராணியோடு விடுகதைப் போட்டி. தோற்றால் உயிர் போகும். நம் பிள்ளைகளுக்கு விடுகதை பழக்கம் என்பதால் அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாகவே படித்துக் காட்டலாம். சத்தமில்லாத, தனக்குள்ளேயே இருக்கிற பிள்ளை என்றால் உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' முதல் புத்தகம், 1968. கர்வத்தில் தான் கட்டவிழ்த்துவிட்ட நிழல் தன்னையே துரத்துகிற கெட் என்ற மந்திரவாதிப் பையனின் கதை. மாநிற நாயகன், இருநூறு பக்கம் சொச்சம். மெதுவான புத்தகம்தான். ஆனால் பிடித்தவர்களுக்கு அதற்குப் பிறகு மற்றதெல்லாம் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். மாயமே வேண்டாம், வேகம் மட்டும் போதும் என்றால் ஜூல் வெர்ன். 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி'யில் ரயில் பாதை பாதிக் காட்டில் முடிந்துபோகிறது, இந்தியாவுக்குள்தான். கதாநாயகன் ஃபாக் ஒரு யானையை விலைக்கு வாங்குகிறார். சொல்லும்போதே பையன்கள் கையை நீட்டுவார்கள்.

வன்முறை, காதல், மரணம் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். நான் மறைப்பதில்லை. 'ஹங்கர் கேம்ஸ்' என்றால், பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்லுகிற போட்டி அது, எழுதியவர் அதை ரசிக்கவில்லை, கண்டிக்கிறார் என்று இரண்டையும் சொல்வேன். பதினான்கு வயதுக்கு முன் கொடுப்பதில்லை. மற்றபடி, சண்டையும் சாவும் இல்லாத சாகசக் கதை கேட்டால் என்னிடம் இல்லை. ஆண் பிள்ளைக் கதை, பெண் பிள்ளைக் கதை என்று பிரிப்பதும் என் அலமாரியில் கிடையாது. ஜீனோவை அதிகம் கேட்கிறவர்கள் பெண்கள், குந்தவைக்காகப் படிக்கிற பையன்கள் நிறைய.

கொடுக்கும் விதமும் முக்கியம். ஒரு புத்தகத்தை நீட்டினால் அது கட்டளை, பத்தை நீட்டினால் மலைப்பு. இரண்டு கொடுங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு. அவர்களே ஒன்றைத் தள்ளட்டும், தள்ளிவிட்டு எடுத்ததன் மேல் கொஞ்சம் பாசம் வரும். "ரொம்ப நல்ல புத்தகம்", "அறிவு வளரும்", "உன் வயசுல நான்" போன்ற வாசகங்களை வாயில் போட்டு மென்றுவிடுங்கள். கதையை இரண்டு வாக்கியம் சொல்லுங்கள், சங்கடமான இடத்தில் நிறுத்துங்கள். தெரிந்த புத்தகத்தை மட்டும் கொடுங்கள். படிக்காத புத்தகத்தைப் புகழ்ந்தால் பதின்வயதுக்காரர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அத்தோடு நம் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். நேரமில்லை என்றால் முதல் அத்தியாயத்தையும் பிடிக்கிற பக்கத்தையுமாவது படித்து வைத்திருங்கள்.

திரும்பி வரும்போது "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டால் அடுத்த தடவை வர மாட்டார்கள். நான் கேட்பது, "எந்த இடத்துல ராத்திரி லைட்ட அணைக்க மனசு வரல?" என்று. சண்டையைச் சொன்னால் ஒரு பாதை, அந்த உலகத்தின் சட்டதிட்டங்களைச் சொன்னால் வேறு பாதை, இரண்டு பேருக்கு நடுவே நடந்த பேச்சைச் சொன்னால் இனி சாகச அலமாரியையே தாண்டலாம். பாதியில் விட்டுக் கொண்டுவந்தாலும் திட்டுவதில்லை, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வேன். விடுகிற பக்கம் மெல்ல மெல்லத் தள்ளிப்போவதை அந்தக் குறிப்பேட்டில் பார்க்கலாம்.

கடைசியாக, விலைக்கு வாங்குகிறவர்களுக்கு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பொன்னியின் செல்வன் பல பதிப்பகங்களில் கிடைக்கிறது, விலையும் எழுத்தின் அளவும் ஏகத்துக்கு மாறும். மலிவாக இருக்கிறதே என்று பொடி எழுத்தில் வாங்கினால் பிள்ளை பத்துப் பக்கம் தாண்டாது. நடுப்பக்கத்தைத் திறந்து கைநீட்டுத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். 'சுருக்கம்' என்று சின்னதாக அட்டையில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெர்னைச் சுருக்கத்தில் படித்தால் பாதகமில்லை, கல்கியைச் சுருக்கினால் ஆழ்வார்க்கடியானின் வாய்த்துடுக்குத்தான் முதலில் போகும். மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம். செலவே வேண்டாம் என்றால் மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழுதும் இலவசம். புத்தகக் காட்சியில் ஐந்து பாகமும் செட்டாக எடுத்தால் தள்ளுபடி என்பார்கள். முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். மீதி நான்கையும் பிள்ளை கேட்ட பிறகு வாங்கினால் போகிற தள்ளுபடி, அலமாரியில் தூசி படிகிற நான்கு பாகத்தின் விலையை விடக் குறைவுதான்.